ஆற்றோரமாய்ப் போன அப்பாவைத் தேடித் தந்தவர்களுக்கு

எங்கள் தெருக்காரர்களுக்கும், அன்று மாலை எங்களுக்காக அலைந்த எல்லோருக்கும்,

உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு நன்றி அட்டை எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன். எல்லோரும் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் என் மொழியிலேயே முழுசாகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் உங்களுக்குப் படித்துச் சொல்வாள். அப்பா அம்மாவை இந்த மாதிரி ஊர்களுக்கு அழைத்து வரும் நம் ஆட்களும் படிக்கட்டும்.

அப்பா அம்பாசமுத்திரத்துக்காரர். ஓய்வு பெற்ற தமிழாசிரியர், வயது 81. அம்மா போனபின் தனியாக இருந்தவரை ஆகஸ்டில் ஆறு மாத விசாவில் கூட்டிவந்தோம். லண்டனின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதும் அவருக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, ஊர் பேரே பின்னரா? அப்போ முன்னர் எங்க இருக்கு?"

ஆனால் இந்த ஊரின் அமைதி அவருக்குப் பிடிபடவே இல்லை. முன்பக்க ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை எண்ணுவார். ஊரிலிருந்து கொண்டுவந்த மாதக் காலண்டரில் அன்றன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதிவைப்பார். 11. 9. மழை என்றால் 4. ஒவ்வொருவருக்கும் கையை ஆட்டுவார். "பதிலுக்கு ஆட்டுதாங்களாப்பா?" என்று கேட்டேன். "சில பேரு. நாய்க்காரம்மா தெனமும்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தத் தெருவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். ஒட்டிக் கட்டிய வீடு. நடுச்சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. பக்கத்து வீட்டம்மா தும்மினால் எங்களுக்குக் கேட்கும். ஆனாலும் "குட் மார்னிங்" தாண்டி நாங்கள் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். ரயில் இங்கே 1885இலேயே வந்துவிட்டது. அந்த ரயில் கம்பெனியே பாதையோர நிலங்களில் வீடு விற்று, 1915இல் 'மெட்ரோலேண்ட்' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்து வளர்த்த புறநகர்கள் இவை. 1930களில் எழுந்த தெருக்களில் ஒரே மாதிரி வளைந்த ஜன்னல், ஒரே மாதிரி முக்கோண முகப்பு, ஒரே உயரத்தில் வேலிச்செடி. கடைகளெல்லாம் ஸ்டேஷன் பக்கம். தெரு முக்கில் ஒரு டீக்கடை கிடையாது. அம்பையில் அப்பா வழி தவறினால், "வாத்தியார் இந்தப் பக்கந்தான் போனாவ" என்று சொல்ல மூலைக்கு மூலை ஆள் உண்டு. இங்கே யாரைக் கேட்பது?

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை. மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். பின்கதவைப் பூட்டாமல் விட்டது என் தப்பு. மூன்றே முக்காலுக்கு இறங்கி வந்தால் நாற்காலி காலி. கோட்டு கொக்கியில் தொங்குகிறது, மங்கி குல்லாவை மட்டும் காணோம். அந்த மாதத்தில் நாலு மணி தாண்டியதும் இருட்டிவிடும். தெருவின் இரண்டு முனைக்கும் ஓடினேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வீடு நிற்கிற மாதிரி இருந்தது. அப்போதுதான் வாழ்க்கையில் முதல்முறையாக இந்தத் தெருவில் சத்தம் போட்டு "அப்பா" என்று கூப்பிட்டேன்.

கதவுகள் திறந்தன. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டம்மா, நீங்கள் வீட்டுச் செருப்போடு வந்தீர்கள். "நீ போய்த் தேடு. அவர் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் வேண்டும்" என்று உள்ளே போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டீர்கள். ராத்திரி வந்து பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லாத் திரையும் விலக்கியிருந்தது, குளியலறை உட்பட எல்லா விளக்கும் எரிந்தது. தெருவிலேயே எங்கள் வீடு ஒன்றுதான் அப்படி. புதிதாகக் குடிவந்த காலத்தில் நீங்களே அடுத்த வீட்டுக் கதவில் சாவி போட்டிருக்கிறீர்களாம், அதனால் அப்பாவுக்கு அடையாளம் தெரியட்டும் என்று செய்தேன் என்றீர்கள். எனக்கு அந்த யோசனை வந்திருக்காது.

எதிர்வீட்டு குஜராத்தி பாய், காரை எடுத்துக்கொண்டு என்னைக் கேட்காமலே கிளம்பினீர்கள். உங்கள் மகள் அப்பாவின் போட்டோவைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். குப்பை எடுக்கும் நாளையும் மாறி வந்த பார்சலையும் தவிர வேறு எதுவும் பேசாத குழு அது. பத்து நிமிஷத்தில் யார் எந்தத் தெருவைப் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டார்கள்.

ரேனர்ஸ் லேன் மளிகைக்கடை அண்ணா, அப்பா வாரம் தவறாமல் உங்கள் கடைக்கு வந்தது கறிவேப்பிலைக்காக அல்ல, தமிழ் பேசுவதற்காக. போன் செய்தேன். "யோசிக்காதேங்கோ தங்கச்சி, ஐயாவைக் கண்டுபிடிப்பம்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கிவிட்டு வந்தீர்கள். சாயங்கால வியாபாரம் போனதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

999இல் பேசிய பெண்மணிக்கும், வந்த இரண்டு போலீஸ்காரர்களுக்கும் என் வணக்கம். ஒரு நாள் காத்திருந்துதான் புகார் கொடுக்க வேண்டுமோ என்று தயங்கினேன். அப்படி எந்த விதியும் இல்லை, மறதி உள்ள பெரியவர் என்றால் உடனே கூப்பிட வேண்டும் என்றார்கள். 'ஹெர்பர்ட் புரோட்டோகால்' என்று ஒரு படிவம் இருக்கிறதாம். நார்மண்டியில் இறங்கிய போர்வீரர் ஜார்ஜ் ஹெர்பர்ட், பிற்காலத்தில் மறதி நோயோடு வாழ்ந்தவர், அவர் பெயரால் வந்தது. போட்டோ, பழைய முகவரிகள், சின்ன வயதில் பழகிய இடங்கள் எல்லாம் முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொண்டால், தேட வருகிறவர்கள் கையில் உடனே கொடுக்கலாம். நம்மவர்கள் தயவுசெய்து நிரப்பி வையுங்கள். நான் வைத்திருந்தால், 'பிடித்த இடம்' என்பதில் ஆறு என்று எழுதியிருப்பேன். இரண்டு மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

ஏனென்றால் அப்பா ஆற்றோரமாகத்தான் போயிருக்கிறார். எங்கள் ஊரிலும் 'பின்' என்று ஒரு ஆறு ஓடுகிறது. தாமிரபரணிக்காரர் கண்ணில் அது வாய்க்கால்தான். அதை ஒட்டிக் கவ்லி வரை போகிற நடைபாதை உண்டு. இருட்டில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, ஈஸ்ட்கோட்டில் அந்தப் பழைய தோட்டத்துப் பக்கம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

நாய்க்காரம்மா, உங்களுக்கு என்ன எழுதுவது? நீங்கள் அந்தப் பக்கம் நடக்கப் போயிருந்தீர்கள். வாட்ஸ்அப் போட்டோவை நீங்கள் பார்க்கவே இல்லை. பழுப்பு மங்கி குல்லாவைப் பார்த்ததும், "இவர் ஜன்னலில் கையாட்டுகிறவர் ஆயிற்றே" என்று நின்றுவிட்டீர்கள். உங்கள் கோட்டைக் கழற்றிப் போர்த்தினீர்கள். போலீஸுக்குச் சொல்லிவிட்டு, நாங்கள் வரும்வரை அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். அப்பாவுக்கு அந்த நேரம் ஆங்கிலம் முழுசாகப் போய்விட்டது. தமிழில் பேசிக்கொண்டே இருந்தாராம், நீங்கள் தலையாட்டிக்கொண்டே இருந்தீர்களாம். என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டீர்கள். அழுகையில் அன்று சொல்ல வரவில்லை. போலீஸ்காரரிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆத்தோரமாவே போனா ஊர் வந்துரும்லா. அவ காத்துக்கிட்டு இருப்பா." அவ என்றது என் அம்மாவை.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். அந்த நாளைப் பற்றி எதுவும் ஞாபகம் இல்லை. பின்கதவில் மணி கட்டியிருக்கிறேன். பிப்ரவரியில் அண்ணன் வந்து ஊருக்கு அழைத்துப்போகிறான்.

அதற்குள் பொங்கல் வருகிறது. ஜனவரியில் பொங்கலை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கலும் வடையும் இருக்கும். எல்லோரும் வாருங்கள், நாயும் வரட்டும். முன்கூட்டிப் போன் செய்ய வேண்டாம். அப்பா ஜன்னலில் இருந்து எண்ணிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
வாத்தியார் மகள்
பின்னர், மிடில்செக்ஸ்