மணி

கோட்டாறு,
தை 9

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் மார்கழிக் கடைசியில் வந்து சேர்ந்தது. அண்ணன் போன பிறகு ஒருநாள்கூட விளக்கேற்ற முடியவில்லை, விளக்கு வைக்கிற நேரம் வந்தால் அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: "உன் வீட்டிலும் இடி விழுந்ததே, நீ எப்படி இன்னும் கும்பிடுகிறாய்?" போனில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் இன்று என் வீட்டுக்காரரைத் தூங்கவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உன் ஊர்ச் செய்தி. மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரம் போய்வந்தேன். எங்கள் கோட்டாற்றுப் பிள்ளையாரும் வேளிமலை முருகனும் தாய் தகப்பனைப் பார்க்க வருகிற மக்கள்மார் சந்திப்பு அன்று, உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைகள் வந்துவிட்டார்கள்" என்பார்களே, அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். உங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் இப்போது கம்பி அடைத்திருக்கிறார்கள். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது.

இனி என் கதை. ஆடி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின என்றும் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது ஒன்று உண்டு.

அன்று விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்தவர், "கை மரத்திருக்கிறது" என்றார். கையை மடக்கிப் படுத்திருப்பீர்கள் என்றேன். ஆறு மணிப் பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. நான் முக்காட்டை எடுத்துக்கொண்டு சவேரியார் கோயிலுக்குப் போய்விட்டேன். ஏழே காலுக்குத் திரும்பி வந்தபோது கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். தூக்கத்திலேயே வந்திருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதிலிருந்துதான் கணக்கு என்றார் டாக்டர். அவர் நன்றாக இருந்தது முந்தின இரவு பத்து மணிக்கு. ஐந்தரைக்கே நேரம் கடந்துவிட்டது, உங்கள் மேல் தவறு இல்லையம்மா என்று டாக்டர் எனக்கு இரண்டு தடவை சொன்னார்.

காது கேட்டுக்கொண்டது. மனம் கேட்கவில்லை. நீ யாரைப் பார்க்கப் போனாய், அந்த நேரத்தில் வீட்டில் யாரை விட்டுவிட்டுப் போனாய் என்று உள்ளே ஒரு குரல் ஓயாமல் கேட்டது. கோயில் மணி அடித்தால் வயிறு கலங்கும். எங்கள் வீட்டுக்கும் கோயிலுக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியுமே, ஜன்னலை அடைத்தாலும் கேட்கும். ஒன்றரை மாதம் நான் ஜெபமே சொல்லவில்லை. சொன்னால் பொய்யாக இருக்கும் என்று நினைத்தேன். ஆகவே, விளக்கை விட்டு அடுக்களைக்குள் ஒளிகிறாயே, அந்த இடம் எனக்குப் பழக்கமானதுதான்.

அவருடைய கைதான் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது. பிசியோதெரபிக்கு வருகிற தம்பி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். நாற்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவருக்குக் குழந்தை விளையாடுகிற பந்து; கோபத்தில் இடது கையால் தூக்கி எறிந்தார். மூன்று தடவை கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், மூன்று தடவையும் எறிந்தார். ஒருநாள் அவருடைய தலையணைக்கு அடியில் கிடந்த மர ஜெபமாலையை, எங்கே வைப்பது என்று தெரியாமல், அந்த வலது கைக்குள் வைத்துவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கட்டைவிரல் அசைகிறது. மிகக் கொஞ்சம். ஒரு மணியின் மேல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, உருட்டுகிற மாதிரி, பின் நழுவி, மறுபடியும் பிடித்து. நான் மூச்சு விடாமல் நின்றேன். அது எந்த அசைவு என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊசியில் கோர்ப்பதற்கு முன் நூல் நுனியை எச்சில் தொட்டுத் திரிப்பாரே, அதே அசைவு. நாற்பது வருடம் ஒரு நாளைக்கு நூறு முறை செய்த வேலை அந்த விரலுக்குள் எங்கோ மிச்சம் இருந்திருக்கிறது.

அன்றிலிருந்து பந்து போயிற்று, மாலை வந்தது. தம்பியும் அதுவே போதும் என்றார். மொத்தம் 59 மணிகள். முதல் வாரம் பத்து மணி தாண்டுவதற்குள் நெற்றி வியர்த்துவிடும். வாயால் யாரும் ஜெபம் சொல்லவில்லை. விரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எண்ணுவதற்காகத்தான் நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எண்ணிக்கை தப்பிவிடுகிறதே என்று, பழக்கத்தில் "அருள் நிறைந்த மரியே" என்று ஆரம்பித்தேன். பாதியில் நான் நிறுத்திவிட்டேன், தொண்டை அடைத்தது. அப்போது அவர் மீதியைச் சொன்னார். குழறலாகத்தான், ஆனால் ஒரு சொல்லும் விடுபடாமல், "ஆமென்" வரைக்கும். என் பெயர் வரவில்லை, தண்ணீர் என்ற சொல் வரவில்லை, மகனுடைய பெயர் வரவில்லை, அது வந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. புதிதாக யோசித்துப் பேசுவதற்குப் பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பக்கம்தான் முக்கியம், அவருக்கு அடிபட்டது அங்கே. பாட்டு, எண்ணிக்கை, சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய ஜெபம் போன்றவை அந்த ஒரு வழியை மட்டும் நம்பி இருப்பதில்லை, அதனால் பலருக்கு அவை தப்பி நிற்கும் என்றாள். பாட்டிலிருந்து பேச்சுக்கு அழைத்து வருவதற்கே ஒரு பயிற்சி முறை இருக்கிறதாம். இதைக் கேட்ட என் கொழுந்தியார், "அப்படியானால் அற்புதம் இல்லையா?" என்று ஏமாற்றமாகக் கேட்டார்கள். எனக்கு ஏமாற்றம் இல்லை. எல்லாம் இடிந்தாலும் இடியாத ஒரு மூலையை மனிதனுக்குள் கட்டி வைத்தது யார்? அந்த மூலைக்குள் ஐந்து வயதில் அவருடைய அம்மா கொண்டுபோய் வைத்த வார்த்தைகள், அறுபத்தெட்டு வயதில் அவருக்குக் கை கொடுத்தன. நான் அதற்கு நன்றி சொன்னேன். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் ஜெபம் அதுதான்.

ஆனாலும் காலை மணி மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொன்னேன். வயதானவர். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவர் கொடுத்த அபராதம் என்ன தெரியுமா? "ஒரு மாதம் காலைப் பூசைக்கு வரவேண்டாம். மணி அடிக்கும்போது அவர் கையை எடுத்துப் பிடித்துவிடு. பூசை முடிகிற மணி வரைக்கும் பிடித்துவிடு. அதுதான் உன் பூசை." ஞாயிறு மட்டும் மாலையில் வா என்றார். நான் வெளியே வந்து வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஒரு மாதம் அப்படியே செய்தேன். மணி அடித்ததும் அவருடைய கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக விரித்து மடக்குவேன். கல் போல் இறுகியிருக்கும், பத்து நிமிடத்தில் மெல்ல இளகும். இருபதாம் நாளோ என்னவோ, மணி அடிக்கக் கொஞ்சம் தாமதமாயிற்று. அவர் தாமாகவே கையை நீட்டிக்கொண்டு, "மணி?" என்றார். அந்த நாளிலிருந்து அந்த ஓசை என்னைக் குத்தவில்லை.

எல்லோரும் இப்படி நல்லது செய்தார்கள் என்று நினைக்காதே. பார்க்க வந்த ஒருவர், விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு, மாத்திரையை நிறுத்தினால்தான் சுகம் இறங்கும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரத்தக் கொதிப்பு மாத்திரையை, "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று என் வீட்டுக்காரர் தாமாகவே நிறுத்திய நான்காம் மாதத்தில்தான் இது வந்தது. வந்தவரை உட்கார வைத்து, எங்கள் பைபிளில் சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். மருத்துவரை ஆண்டவரே படைத்தார், மருந்தையும் அவரே மண்ணிலிருந்து விளைவித்தார் என்று அங்கே இருக்கிறது. படித்துவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விட்டார். போகட்டும். என் தாத்தாவுக்கு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வயிற்றில் அறுவை செய்தவர் சாமர்வெல் துரை; 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். மலையிலிருந்து இறங்கி ஊர் சுற்ற வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் காத்துக் கிடப்பதைப் பார்த்து, லண்டன் வேலையை வேண்டாம் என்றுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். ஜெபம் செய்துவிட்டுத்தான் கத்தியைத் தொடுவார் என்று தாத்தா சொல்லுவார். கத்தியைத் தொடாமல் இருந்திருந்தால் தாத்தா ஏது, நான் ஏது?

நீயும் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள். துக்கத்தில் விட்டுவிடாதே. முகம் கோணினாலோ, இரண்டு கையும் தூக்கும்போது ஒன்று தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, மரத்திருக்கிறது என்று படுத்துவிடாமல் உடனே ஆளைக் கூப்பிடு.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஆரல்வாய்மொழிக்குப் போனோம். ஜனவரி 14, தேவசகாயம் பிள்ளையைக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்ற நாள். அன்று கூட்டம் தாங்காது என்பதால் முன்னதாகவே. அவருடைய கதை உனக்குத் தெரியும். நட்டாலத்தில் 1712-இல் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தவர். உன் அண்ணா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடி, பன்னிரண்டாவது கோயிலாகப் போய்ச் சேருவாரே, அதே திருநட்டாலம். 1745-இல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் என்ற கிறிஸ்தவரானார், பிறகு மூன்று வருடம் விலங்கோடு ஊர் ஊராக அலைக்கழித்தார்கள், 1752-இல் சுட்டுவிட்டார்கள். இப்போது எங்கள் சவேரியார் கோயிலுக்குள் அடங்கியிருக்கிறார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்தத் தெருவில் விடிய விடிய வெடி.

அன்று மலையில் நின்றபோது எனக்கு வேறு ஒன்று தோன்றியது. தேவசகாயம் என்றால் கடவுளின் உதவி என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்துக்கொண்டவருக்கு விலங்கு கழலவில்லை. மூன்று வருடமும் அவர் அந்தப் பெயருக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். உதவி என்றால் என்ன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ரொம்பச் சின்னது என்று பட்டது. என் வீட்டுக்காரருடைய கை பழையபடி கத்தரிக்கோல் பிடிக்கப் போவதில்லை. முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் வேகமாக வரும், பிறகு மெதுவாகத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை வாடகைக்கு விட்டாயிற்று. இதெல்லாம் தெரிந்தும் நான் தூங்குகிறேன், எழுகிறேன், சிரிக்கிறேன். நீ கேட்டதற்கு இதைவிடச் சரியான பதில் எனக்குத் தெரியவில்லை.

அங்கே மணியடிச்சான் பாறை இருக்கிறது. அவரைச் சுட்டபோது ஒரு பாறை உடைந்து விழுந்து மணி போல் ஒலித்தது என்பார்கள். இப்போதும் கல்லால் தட்டினால் ஓசை வரும். நான்கு கால் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு சின்னக் கல்லை அவர் வலது கையில் வாங்கிக்கொண்டார். முதல் தடவை கல் நழுவி விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பையன் எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது தடவை பட்டது. டங் என்று ஒரே ஒரு ஓசை. அந்தக் காற்றில் அது எவ்வளவு தூரம் போயிருக்கும்? அவர் திரும்பி என்னைப் பார்த்து என் பெயரைச் சொன்னார்.

உன் அம்மா விளக்கேற்றும்போது நாம் இருவரும் திரியைத் திரித்துக் கொடுப்போமே, என் கைக்கு அது இப்போதும் தெரிகிறது. உன் கைக்கும் தெரியாமல் இருக்காது. அது தானாக வருகிற நாள் வரட்டும், இழுக்காதே. அண்ணனுக்காக நாங்கள் இருவரும் தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்கிறோம். அவருக்கு அண்ணனுடைய பெயர் வராது, "மதுரைக்காரர்" என்பார்.

மட்டி வாழைக் குலை ஒன்று பழுக்கிற பருவத்தில் இருக்கிறது. அடுத்த வார இறுதிக்குள் வா, இல்லையென்றால் அத்தனையும் அணிலுக்குத்தான். வடசேரியில் இறங்கியதும் போன் செய், நான் ஆட்டோவோடு வருகிறேன். மாலை ஏழு மணிக்கு நாங்கள் ஜெபம் சொல்வோம். நீ பக்கத்தில் உட்கார்ந்தாலும் சரி, உள்ளறையில் படுத்திருந்தாலும் சரி, அடுக்களையில் போய்ப் பாத்திரத்தை உருட்டினாலும் சரி.

என்றும் உன்,
கோட்டாற்றுத் தோழி