ஆறு கணக்கெடுப்புகளில் பெயரில்லாதவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கர்கள் தம் முன்னோரைத் தேடிக் கண்டறிவதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். நம் வாசகர்களுக்கு அதிகம் அறிமுகமில்லாத ஒரு துறையை எடுத்து எழுதியமைக்கு நன்றி. ஆனால் கணினியில் பெயரைத் தட்டினால் ஒரு மாலைப்பொழுதில் எட்டுத் தலைமுறை கிடைத்துவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிக் கிடைத்த ஒரு வம்சாவளியை மூன்று ஆண்டுகள் மூல ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என் மகன் மணந்திருப்பது அமெரிக்கப் பெண்ணை. மருமகளின் தாய்வழி முன்னோர் ஒருவர் அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்றவர் என்று அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். பணிக்காலம் முழுவதும் பழைய பத்திரங்களைப் படித்தே கழித்தவன் நான். ஆகவே அந்தப் பேச்சுக்கு ஆவணம் உண்டா என்று பார்க்கும் பொறுப்பை மருமகள் என்னிடம் ஒப்படைத்தாள்.

1790ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாளைக் கணக்கு நாளாகக் கொண்டு அமெரிக்கா எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மார்ஷல்கள் எனப்படும் கூட்டாட்சி நீதிமன்ற அலுவலர்களின் உதவியாளர்கள் வீடு வீடாகச் சென்று 39 லட்சத்துக்கு மேற்பட்டவர்களை எண்ணினார்கள். ஆனால் பெயர் எழுதப்பட்டது குடும்பத் தலைவருக்கு மட்டுமே. 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெள்ளை ஆண்கள், அதற்குக் குறைந்த சிறுவர்கள், வெள்ளைப் பெண்கள், அடிமையல்லாத ஏனையோர், அடிமைகள் என்று மற்றவர்கள் அனைவரும் ஐந்து கட்டங்களில் வெறும் எண்களாக அடங்கிவிட்டார்கள். ஆண்களை வயதால் பிரித்தது, படைக்கும் தொழிலுக்கும் நாட்டில் எத்தனை பேர் தேறுவார்கள் என்று அறிவதற்காக. பெண்களுக்கு அந்தப் பிரிவுகூட இல்லை. எண்பது வயது மூதாட்டியும் எட்டு நாள் குழந்தையும் ஒரே கட்டத்தில் இருந்தார்கள். வட கரோலினா மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற ரோவன் கவுன்டியின் பட்டியலில் மருமகளின் முன்னோர் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று எழுதியிருந்தது. அந்த மூன்று பெண்களுள் ஒருவர் அவருடைய மனைவி என்பதைத் தவிர வேறெதையும் அந்த வரியிலிருந்து சொல்ல இயலாது.

அந்தப் பட்டியலிலேயே அதே பெயரில் இன்னொருவரும் இருந்தார். ஒருவருக்கு சீனியர் என்றும் மற்றவருக்கு ஜூனியர் என்றும் அடைமொழி இருந்ததால், இணையத்தில் கிடைத்த வம்சாவளி அவர்களைத் தந்தை மகன் ஆக்கியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரே பகுதியில் ஒரே பெயருள்ள இருவரில் மூத்தவர் யார், இளையவர் யார் என்று பிரித்துக் காட்டவும் அந்த அடைமொழிகளைப் பயன்படுத்தினார்கள். உறவே இல்லாதவர்களாகவும் அவர்கள் இருக்கலாம். இவர்கள் அப்படிப்பட்டவர்கள்தாம்.

குழப்பம் தீர்ந்தது ஓய்வூதியக் கோப்பினால். 1832 ஜூன் 7ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், விடுதலைப் போரில் ஆறு மாதமேனும் பணியாற்றி அப்போதும் உயிரோடிருந்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கியது. பெரும்பாலோரிடம் எழுத்துச் சான்று எதுவும் இல்லாத நிலையில், அவர்கள் நீதிமன்றத்தில் உறுதிமொழி கூறி, எங்கே எப்போது பிறந்தார்கள், யாருடைய படையில் இருந்தார்கள், போருக்குப் பின் எங்கெங்கே குடியிருந்தார்கள் என்பதைச் சொல்ல, எழுத்தர் எழுதிக்கொண்டார். நம்மவரின் வாக்குமூலம் நான்கு பக்கங்கள். ரோவனில் நிலத்தை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு இண்டியானாவுக்குப் பெயர்ந்ததை அவரே அதில் கூறுகிறார். 1840ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஓய்வூதியம் பெறும் முன்னாள் வீரர்களின் பெயரையும் வயதையும் தனியாகக் குறிக்கச் சொன்னதால், குடும்பத் தலைவராக மகன் பெயர் இருந்த வரியிலும் 83 வயதுக் கிழவரை அடையாளம் காண முடிந்தது.

அதே கோப்பில்தான் நான் எதிர்பாராத ஒன்று இருந்தது. அவர் காலமான பின் மனைவி விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். திருமணத்தை நிரூபிக்க வேண்டும். பதிவேடு இல்லாத பகுதிகளில் பலரும் குடும்ப பைபிளில் பிறப்பும் திருமணமும் எழுதிய தாளைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அத்தகைய தாள்கள் இன்றும் தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளில் உள்ளன. சம்பந்தியம்மாவின் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய பைபிளில், இரண்டு ஏற்பாடுகளுக்கும் நடுவே ஒரு தாள் கிழிந்த அடிக்கட்டை உண்டு. ஏதோ குழந்தை கிழித்தது என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள். கோப்பிலிருந்த தாளின் நகலை அந்த அடிக்கட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தோம். நகலில் மூன்றாம் வரியின் முதலெழுத்து இல்லை. அந்த எழுத்து அடிக்கட்டையில், பழுத்துப்போன மையில், அப்படியே இருந்தது. சம்பந்தியம்மா விரலால் அதைத் தொட்டுவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எனினும் பைபிளில் எழுதியிருப்பது அனைத்தும் வேதவாக்கு என்று கொள்ளக் கூடாது என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டதை இங்கே குறிப்பிட வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது அந்தப் புத்தகம் அச்சான ஆண்டை. இந்த பைபிள் அச்சானதற்கு முன்பே முதல் மூன்று பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவர்களுடைய பதிவுகள் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதப்பட்டவை. ஆகவே அவை நினைவிலிருந்து எழுதியவை. நான்காம் பிள்ளையிலிருந்து மையும் எழுதுகோலும் மாறி மாறி வருகின்றன. அவை அவ்வப்போது எழுதியவை என்பதால் அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

பைபிள் சொல்வதைக் கணக்கெடுப்பும், கணக்கெடுப்பு சொல்வதை பைபிளும் திருத்துகின்றன. 1810ஆம் ஆண்டு வரியில் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள் இருவர். பைபிளின்படி அந்த வயதில் ஒரே மகன்தான். இணைய வம்சாவளி இரண்டாமவனையும் மகன் என்று பெயரிட்டுச் சேர்த்துக்கொண்டு, அவன் வழியில் நூற்றுக்கணக்கானோரைத் தொங்கவிட்டிருக்கிறது. கவுன்டி நீதிமன்றப் பதிவேட்டைப் பார்த்தால், அவன் தந்தையை இழந்தவன் என்பதும், தொழில் பழகுவதற்காக இவரிடம் ஒப்பந்தப் பத்திரம் எழுதி ஒப்படைக்கப்பட்டவன் என்பதும் தெரிகிறது. கணக்கெடுப்பாளர் வீட்டில் இருந்தவர்களை எண்ணினார். அவர்கள் யாருக்கு யார் என்பதை அவர் கேட்கவில்லை. உறவு முறையைக் கேட்கும் கட்டம் கூட்டாட்சிக் கணக்கெடுப்பில் 1880இல்தான் வந்தது.

வீட்டில் இருந்த, அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரையும் எழுதியது 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு. அதில்தான் அந்த மனைவியை நான் முதன்முதலாகப் பெயரோடு கண்டேன். 1790 முதல் 1840 வரை ஆறு கணக்கெடுப்புகளில் ஓர் எண்ணாகவே இருந்தவர், எண்பதைக் கடந்து, மகன் வீட்டில் கடைசி வரியில் பெயரும் வயதும் பிறந்த மாநிலமுமாக நிற்கிறார். வயது பைபிள் கணக்குக்கு மூன்று ஆண்டு குறைவு. அதைப் பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று வாசலில் வந்து நின்றவருக்கு யார் பதில் சொன்னார்களோ, அவர் அறிந்த வயது அது.

அவருடைய தந்தை யார் என்பதை ரோவன் கவுன்டியில் பதிவான ஓர் உயில் காட்டியது. மகளின் பெயரையும் மருமகனின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் அந்த உயில், மகளுக்கு ஓர் அடிமைப் பெண்ணையும் அவளுடைய குழந்தையையும் கொடுக்கிறது. 1790ஆம் ஆண்டு வரியின் கடைசிக் கட்டம் காலியாக இருந்து, 1800இல் அங்கே 2 என்று ஏன் வந்தது என்பதற்கு விடை அதுதான். குடும்பக் கதைகளில் இந்தச் செய்தி கிடையாது. பைபிளிலும் அந்த இருவருக்கு இடமில்லை. 1810இல் அந்தக் கட்டம் மீண்டும் காலி. 1850, 1860 ஆண்டுகளில் அடிமைகளுக்கென எழுதிய தனிப் பட்டியல்கள்கூட உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவற்றையே தந்தன, அவர்களுடைய பெயரைப் பெரும்பாலும் தரவில்லை. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் எல்லாரையும் போலப் பெயரோடு எழுதப்பட்டது 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான். அந்தத் தாயின் வழித்தோன்றல்கள் இன்று தேடிக்கொண்டிருந்தால், 1870க்கு முன்னால் அவர்களுக்கு உதவக்கூடியது அந்த உயிலும், அதைப் போன்ற விற்பனைப் பத்திரங்களும்தாம். இதை மருமகளிடம் சொல்ல எனக்குத் தயக்கம் இருந்தது. அவளோ, உயிலில் ஒற்றைச் சொல்லாக உள்ள அந்தத் தாயின் பெயரைத் தன் குடும்ப வரலாற்றில் முதலில் எழுதினாள்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவாரானால், 1850லிருந்து பின்னோக்கிச் செல்லும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் உயில், பத்திரம், ஓய்வூதியக் கோப்பு ஆகியவற்றில் பெயர் தேட வேண்டும் என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாயும் குழந்தையும் யாருக்கு விற்கப்பட்டார்கள் என்று அறிய, ரோவன் கவுன்டியின் பத்திரப் பதிவேடுகளை 1800லிருந்து படித்து வருகிறேன். இப்போது 1806இல் இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்