அருளை இரவில் கிளம்ப விடாதே

அன்புள்ள ஜெபராஜ்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதமாகிறது. பதில் போடாதது என் தப்பு. சாக்கு எதுவும் சொல்லப்போவதில்லை. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. சரளா சுகம். மாடிக்கு ஆட்கள் குடி வந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்று எடிசன் கோபமாக இருக்கிறானாம். அவன் எந்தக் கல்யாணத்தில்தான் கோபப்படவில்லை? உன் கல்யாணத்தில் ரசத்துக்காக அவன் எழுந்து போனதை நீ மறந்திருக்க மாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று இரவு அருள் போன் செய்தான். வியாழக்கிழமை நாகர்கோவிலில் கச்சேரி, மறுநாள் சேலம். முடிந்த கையோடு வேனில் கிளம்பி ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விடுவார்களாம். சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கு விடியும்வரை கண் மூடவில்லை. அதற்கும் உன் மகன்தான் காரணம்.

ஜனவரியில் பாட்டுப்பதிவுக்கு வந்தவன் எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினானே, போகும்போது, "மாமா, இவரைக் கேளுங்கள்" என்று என் போனில் சில பதிவுகளை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். கிளிஃபோர்ட் பிரவுன் என்ற ஜாஸ் ட்ரம்பெட்காரர். நாம் கோவில் பேண்டில் ஊதிய காலத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே கிடையாது. நமக்குத் தெரிந்த ஜாஸ், லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அவர் கைக்குட்டையும்தானே. இரண்டு மாதமாக இந்த மனிதரைத் தவிர வேறு எதையும் நான் கேட்கவில்லை.

ஜெபா, அந்தத் தொனியை உனக்கு எப்படிச் சொல்வேன்! ட்ரம்பெட் என்றால் உரக்க ஒலிக்கும், மேலே போகப்போகக் காதைக் கிழிக்கும் என்றுதானே நினைத்திருந்தோம். இவருடைய ஒலி உச்சியிலும் மெலிவதில்லை, கனிந்தே இருக்கிறது. 1955இல் பதிவான 'செரோக்கி'யைக் கேள். நம் விரல் வால்வைத் தேடுவதற்குள் அவர் நான்கு வரி தாண்டியிருப்பார். அந்த வேகத்திலும் ஒரு ஸ்வரம் இன்னொன்றின்மேல் இழுபடுவதில்லை. நல்ல நாதஸ்வரக்காரரின் பிருகாவைப் போல ஒவ்வொன்றும் உதிரி உதிரியாக விழுகிறது. ஆசீர்வாதம் சார் நம் முதுகில் தட்டித் தட்டிக் கேட்டாரே, "நாக்கு எங்கே, நாக்கு எங்கே" என்று, ஸ்வரத்தைப் பிரித்துக் காட்டும் அந்த நாக்கு இங்கே இருக்கிறது.

அதே வருடம் ஜனவரியில் வயலின் கூட்டத்தோடு பன்னிரண்டு பாட்டுகள் வாசித்திருக்கிறார். வித்தை காட்டத் தெரிந்த ஆள், அதில் மெட்டைவிட்டு அதிகம் நகரவே இல்லை. அதை வெறும் இனிப்பு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெதுவான பாட்டில் மூச்சை நிறுத்தி வாசிப்பது எத்தனை கஷ்டம் என்பது ஊதினவனுக்குத்தான் தெரியும்.

ஆளைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வில்மிங்டன் என்ற ஊரில் 1930ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி பிறந்திருக்கிறார். அப்பா தன் ஆசைக்காக வீட்டில் ட்ரம்பெட் வைத்திருந்தாராம். பையனை இழுத்தது அதன் பளபளப்பு. கல்லூரியில் கணிதம் படித்தார். சதுரங்கத்தில் பைத்தியம். உன் அப்பா அன்று உன் ட்ரம்பெட்டைப் பரண்மேல் போட்டுவிட்டு, "ஊதுகிறவன் குடிகாரனாகத்தான் போவான்" என்றாரே, அவரிடம் காட்ட நமக்கு அன்று இந்த ஒரு மனிதரைத் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு ஆறவில்லை. கூட வாசித்த பலர் ஹெராயினில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. இவர் போதையைத் தொடவில்லை. சதா சாதகம். சாக்ஸபோன் மேதை சன்னி ரோலின்ஸ் போதையிலிருந்து மீண்டு வந்து 1955 கடைசியில் இவர்கள் குழுவில் சேர்ந்தவர். ஒழுங்காக வாழ்ந்துகொண்டே நல்ல ஜாஸ் கலைஞனாகவும் இருக்க முடியும் என்பதை கிளிஃபோர்டிடம்தான் கண்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1950 ஜூன் மாதம், கல்லூரியில் படிக்கும்போது, ஒரு கச்சேரி முடிந்து திரும்புகிற வழியில் கார் விபத்து. ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரி. ட்ரம்பெட்டைத் தூக்க முடியாமல் மாதக்கணக்கில் பியானோவோடு இருந்திருக்கிறார். அங்கே ட்ரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியே வந்து பார்த்து, வாசிப்பதை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். நீ டைபாய்டில் படுத்திருந்தபோது ஆசீர்வாதம் சார் சைக்கிளில் வந்து உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது.

எழுந்து வந்தபின் என்ன வேகம்! 1952இல் முதல் பதிவு. 1953இல் லயனல் ஹாம்ப்டன் குழுவோடு ஐரோப்பாப் பயணம். வெளியில் யாருக்கும் பதிவு செய்யக்கூடாது என்பது ஹாம்ப்டனின் கட்டளை. இவரும் ஆர்ட் ஃபார்மரும் குயின்சி ஜோன்ஸும் மற்றவர்களும் ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் நழுவிப் போய் பாரிஸிலும் ஸ்டாக்ஹோமிலும் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் பவனியில் இருந்து நாம் நழுவியது பரோட்டாவுக்கு! 1954இல் டிரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து சொந்தக் குழு. ஐந்து பேர். அதே வருடம் ஜூன் 26ஆம் தேதி லாரூ என்ற பெண்ணோடு கல்யாணம். அன்று அவளுக்குப் பிறந்தநாளும் கூட. அவளைச் செல்லமாகக் கூப்பிட்ட பெயரையே ஒரு மெட்டுக்கும் வைத்தார்: 'ஜாய் ஸ்பிரிங்'. அருள் காலையில் பல் துலக்கும்போது முணுமுணுக்கிறானே, அதுதான்.

இனிமேல் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

1956. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து சிகாகோவுக்குப் போக வேண்டும். அங்கே அடுத்த கச்சேரி. மேக்ஸ் ரோச்சும் ரோலின்ஸும் தனியாகப் போகிறார்கள். இவரும் குழுவின் பியானோக்காரர் ரிச்சி பவலும் ஒரு காரில். ஓட்டியது ரிச்சியின் மனைவி நான்சி. ராத்திரி, மழை, பென்சில்வேனியா நெடுஞ்சாலை. கார் வழுக்கிச் சாலையைவிட்டுப் போனது. மூன்று பேரும் போய்விட்டார்கள். தேதி ஜூன் 26. கல்யாணமாகிச் சரியாக இரண்டு வருடம். லாரூவின் பிறந்தநாள். கைக்குழந்தைக்கு ஒரு வயது முடியவில்லை. கிளிஃபோர்டுக்கு வயது 25.

சேதி வந்தபோது சாக்ஸபோன்காரர் பென்னி கோல்சன் ஹார்லெமில் அப்பல்லோ அரங்கில், கில்லெஸ்பியின் குழுவில் இருந்தார். அழுதுகொண்டே மேடையேறி அன்றைய கச்சேரியை முடித்தார்கள். பிறகு அவர் நண்பனுக்காக எழுதிய 'ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்' என்ற மெட்டை இன்றுவரை ட்ரம்பெட்காரர்கள் வாசிக்கிறார்கள். அருள் கொடுத்ததில் லீ மார்கன் வாசித்தது இருக்கிறது. அதை ஒரு தடவைக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

அருளிடம் ஒன்று சொல். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சின்ன இடத்தில் எடுத்த பதிவு ஒன்றை, சாவதற்கு முந்தின இரவு வாசித்தது என்று சொல்லிக் கொடுத்தான். ரொம்ப நாள் எல்லாரும் அப்படித்தான் நம்பினார்கள். அது ஒரு வருடம் முன்பே, 1955 மே மாதம் எடுத்ததாம். கடைசியில் கூட்டத்துக்கு நன்றி சொல்லும் அந்தக் குரலில் சாவின் நிழலைத் தேட வேண்டாம். அப்போது அவருக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது என்று தெரிந்ததும் எனக்கு அற்ப நிம்மதி.

குடிக்காதவர், சாதகம் விடாதவர், ஒருமுறை விபத்தில் பிழைத்தும் வந்தவர். அவரைக் கொண்டுபோனது அடுத்த ஊர்க் கச்சேரிக்கான அவசரம். அருளுக்கும் வருகிற மாதம் 25 முடிகிறது. நான் ஏன் தூங்கவில்லை என்று இப்போது தெரிகிறதா? நாகர்கோவிலிலிருந்து சேலம் எத்தனை மணி நேரம் என்று உனக்கே தெரியும். வேன் ஓட்டுகிறவரும் கச்சேரி முடியும்வரை விழித்திருந்தவர்தானே.

நான் சொன்னால் "சரி மாமா" என்பான், கிளம்பிவிடுவான். நீ சொல். ஒருவேளை நீயும் சொல்லத் தயங்குவாய். அப்பா செய்ததை நீ செய்யக்கூடாது என்று அவனை எதற்குமே தடுக்காமல் வளர்த்தவன் நீ. இது தடுப்பது அல்ல, ஜெபா. நாகர்கோவிலில் ராத்திரி எல்லாரும் தங்கட்டும், விடிந்து கிளம்பினாலும் சாயங்காலக் கச்சேரிக்குச் சேரலாம். ஏழு பேர் என்றான். அறை வாடகை என் பொறுப்பு. இன்று மதியமே பணம் அனுப்பிவிடுகிறேன். திருப்பி அனுப்பினாய் என்றால் உன்னோடு பேச மாட்டேன்.

தங்கச்சி அனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்தது, எறும்பு வருவதற்குள் பாதி முடிந்துவிட்டது. அவளிடம் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துக் காட்டாதே, பயந்துவிடுவாள். வியாழன் இரவு அருள் அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் செய்யச் சொல். எந்த நேரமானாலும்.

உன்,
தேவசகாயம்