பேரரசரிடம் பறித்தது மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த இடைக்கால ஜெர்மனி பற்றிய கட்டுரை, சிற்றரசர்களின் எழுச்சியைப் புனித ரோமானியப் பேரரசரின் அதிகாரம் படிப்படியாகப் பறிபோன கதையாகவே சொல்லி முடித்திருக்கிறது. அதில் பாதி உண்மை உண்டு. அந்தச் சிற்றரசர்கள் தங்களைச் சுற்றியிருந்த பிரபுக் குடும்பங்களை எவ்வாறு விஞ்சினார்கள் என்பதுதான் மறுபாதி. கட்டுரையில் அது ஒரு வரியாகக்கூட இடம்பெறாதது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

தென் ஜெர்மனியின் பவேரியாவையே எடுத்துக்கொள்வோம். சாக்சனி, பவேரியா ஆகிய இரு நாடுகளுக்கும் டியூக்காக (பேரரசருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசராக) இருந்த 'சிங்கம்' ஹென்றியிடமிருந்து அவற்றைப் பறித்த பேரரசர் பார்பரோசா, 1180இல் பவேரியாவை விட்டெல்ஸ்பாக் குடும்பத்து ஓட்டோவுக்கு அளித்தார். பட்டம் கைக்கு வந்ததே தவிர, நாடு முழுவதும் வந்துவிடவில்லை. ஆண்டெக்ஸ், போகன் போன்ற பிரபுக் குடும்பங்களும் பிஷப்புகளும் தத்தம் கோட்டைகளோடும் நீதிமன்றங்களோடும் அங்கே வேரூன்றியிருந்தனர். போகன் பிரபுவின் விதவையான லுட்மிலாவை ஓட்டோவின் மகன் லுட்விக் மணந்தார். லுட்மிலாவின் முதல் திருமணத்து மகன் 1242இல் வாரிசின்றி இறந்தபோது, போகன் குடும்பத்தின் நிலங்கள் விட்டெல்ஸ்பாக் வசமாயின. பவேரியாவின் அடையாளமாக இன்று உலகமே அறிந்த நீலமும் வெள்ளையுமான சாய்சதுரங்கள் அந்தப் போகன் குடும்பத்தின் சின்னமே. 1248இல் ஆண்டெக்ஸ் வம்சமும் அற்றுப்போனது. போர்க்களத்தில் வென்றதைவிட, திருமண உறவாலும் பிறர் வாரிசின்மையாலும் சேர்ந்த நிலம் இந்த ஆட்சிக்குப் பெரிய அடித்தளமாயிற்று என்பது என் கருத்து.

வருவாயின் கதையும் இதைப் போன்றதே. ஃப்ரைசிங் பிஷப்புக்குச் சொந்தமான ஃபோரிங் பாலத்தை அழித்துவிட்டு, உப்பு வணிகத்தை இசார் ஆற்றின் மேல்பகுதியில் மியூனிக்கில் தாம் அமைத்த பாலத்துக்கும் சந்தைக்கும் ஹென்றி திருப்பிக்கொண்டார். 1158இல் ஆக்ஸ்பர்க்கில் பார்பரோசா அளித்த தீர்ப்பு சந்தையை மியூனிக்கிலேயே இருக்கவிட்டு, சுங்கத்திலும் நாணயச்சாலை வருவாயிலும் மூன்றில் ஒரு பங்கைப் பிஷப்புக்கு ஒதுக்கியது. ஹென்றி வீழ்ந்த 1180இல் அந்தத் தீர்ப்பே ரத்துசெய்யப்பட்டது. ஆயினும் சந்தை மியூனிக்கை விட்டு நகரவில்லை. ஒரு பாலம், ஒரு சுங்கச்சாவடி, ஒரு நாணயச்சாலை: சிற்றரசர் ஆட்சி இவற்றின்மீதே எழுந்தது. இவற்றைக் காத்து நிர்வகிக்க, மினிஸ்டீரியல்கள் எனப்பட்ட, பிறப்பால் சுதந்திரமற்ற, ஆனால் குதிரையும் ஆயுதமும் ஏந்திய பணியாளர்கள் உதவினர். தலைவரின் அனுமதியின்றித் திருமணம்கூடச் செய்துகொள்ள முடியாதிருந்த இவர்களின் வழித்தோன்றல்கள் பலர் காலப்போக்கில் கீழ்நிலைப் பிரபுக்களாக உயர்ந்தனர்.

கட்டுரையாளர் பெரிதும் சார்ந்திருக்கும் சாசனங்களுக்கு வருகிறேன். 1220இல் திருச்சபைச் சிற்றரசர்களுக்கும், 1231இல் பிற சிற்றரசர்களுக்கும் சேர்த்து அளிக்கப்பட்ட சலுகைகள் (இரண்டாவதைப் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் 1232இல் உறுதிசெய்தார்) பெரும்பாலும் நடைமுறையில் ஏற்கெனவே நிலைபெற்றிருந்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டவை. அதே 1231 மே மாதம் வோர்ம்ஸ் நகரில் அறிவிக்கப்பட்ட இன்னொரு முடிவையும் சேர்த்துப் படித்திருக்க வேண்டும்: நாட்டின் முதன்மையானோரின் இசைவை முன்கூட்டியே பெறாமல் எந்தச் சிற்றரசரும் புதிய சட்டம் இயற்றக்கூடாது என்றது அது. மேலே பேரரசரின் பிடி தளர்ந்த அதே மாதத்தில், கீழே உள்ளூர்ப் பிரபுக்களின் இசைவு சிற்றரசருக்குக் கட்டாயமாயிற்று.

இந்த ஆட்சிகளை நவீன அரசின் தொடக்கம் என்று அழைப்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 1255இல் விட்டெல்ஸ்பாக் சகோதரர்கள் பவேரியாவை மேல், கீழ் என அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டனர். அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு தேர்வுச் சிற்றரசர்களின் நாடுகள் பிரிக்கப்படக்கூடாது என்று, அந்தத் தேர்தலை ஒழுங்குபடுத்திய 1356ஆம் ஆண்டின் பொற்சாசனம் விதித்தது. பவேரிய டியூக்குகளோ அந்த ஏழு பேரில் இல்லாததால் அதன்பின்பும் பிரித்துக்கொண்டேயிருந்தனர்.

கீழ் பவேரியாவின் டியூக் மூன்றாம் ஓட்டோ, 1311இல் பணநெருக்கடியில் சிக்கி, ஒருமுறை வரி தருவதற்கு ஈடாகக் கீழ்நிலை நீதி அதிகாரத்தை (சிறு வழக்குகளை விசாரிக்கும் உரிமையை) பிரபுக்களுக்கு விட்டுக்கொடுத்தார். இந்தப் பேரத்தைப் பற்றியும், அதன்வழி வளர்ந்த பிரதிநிதிகள் சபைகளைப் பற்றியும் தனிக் கட்டுரையொன்றை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.