அந்த ஒற்றைச் சுரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் அனுப்பிய செல்லோ கான்செர்ட்டோவை, அதுதான் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு செல்லோ முன்னால் நின்று வாசிக்கும் அந்தப் படைப்பை, மூன்றாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். "ஒரே சுரத்தையே இழுத்துக்கொண்டிருக்கிறார், எப்போதுதான் தொடங்கும் அப்பா?" என்றும் கேட்டிருந்தாய். அது முதல் நொடியிலேயே தொடங்கிவிட்டதம்மா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இதை எழுதியவர் போலந்தைச் சேர்ந்த விட்டோல்ட் லுட்டோஸ்லாவ்ஸ்கி. 1970-ல் எழுதி முடித்தார். இடைவெளி இல்லாமல் 24 நிமிடம் போல ஓடும். நீ சலித்துக்கொண்ட அந்தச் சுரம், மேற்கத்திய இசையில் 'டி' என்று சொல்வது, செல்லோவின் டி தந்தியிலிருந்து வருகிறது. இடது கை விரல் எதுவும் அந்தத் தந்தியைத் தொடுவதில்லை. வலது கை வில் மட்டும் ஏறக்குறைய நொடிக்கு ஒரு தடவை உரசுகிறது. விரல் படாததால் அதிர்வு கொடுத்துக் குழைக்க வழியில்லை. செல்லோ என்றதும் நாம் எதிர்பார்க்கிற உருக்கம் அங்கே துளியும் இருக்காது. எந்த ஈடுபாடும் காட்டாமல் வாசிக்க வேண்டும் என்று ஸ்கோரிலேயே, அதாவது இசை எழுதிய தாளிலேயே, குறித்திருக்கிறார். ஆக, உனக்கு அது வெறுமையாகப் பட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த வெறுமைக்குள் கொஞ்ச நேரம் இருந்து பார்.

ஹெட்போனை மாட்டிக்கொள். திரையை அணைத்துவிடு. முதல் பத்துச் சுரங்களுக்கு வேறெதையும் தேடாதே. வில் தந்தியைப் பிடிக்கும்போது ஒரு சின்ன உராய்வு, அப்புறம் தந்தி முழுசாகப் பேசும் நேரம், அப்புறம் வில் விலகிய பிறகு மரத்துக்குள் மிச்சமிருக்கும் ஒலி. ஒவ்வொரு சுரத்திலும் இந்த மூன்றும் இருக்கின்றன. அந்த மிச்ச ஒலி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். பத்தும் ஒன்றுபோல இருப்பதாகத்தான் முதலில் தோன்றும். காது பழகப் பழக, எந்த இரண்டும் ஒன்றில்லை என்று தெரியும். நல்ல பதிவாக இருந்தால் வாசிப்பவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

இந்த இடம் ஏறக்குறைய நான்கு நிமிடம். அவ்வளவு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் உட்கார்ந்திருக்க, செல்லோ மட்டும் தனியாக வாசிக்கிறது. நடுநடுவே அதற்கு ஏதேதோ தோன்றுகிறது. ஒரு நளினமான துணுக்கு வருகிறது, கொஞ்சம் கோமாளித்தனமாக ஒன்று வருகிறது, அணிவகுப்பு மிடுக்கோடு ஒன்று வருகிறது. எதையும் அது முடிப்பதில்லை. பாதியில் விட்டுவிட்டுப் பழையபடி அந்த டி-க்கே திரும்பிவிடுகிறது. யாரும் பார்க்காதபோது ஒருவர் தனக்குள் யோசித்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். நீ நிறுத்தியது அநேகமாக இதற்கு நடுவில்தான்.

இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் டிரம்பெட்டுகள் வந்திருக்கும். எந்த முன்னறிவிப்பும் கிடையாது. ஒலி மெல்ல மெல்லக் கூடி அங்கே போய்ச் சேருவதில்லை. செல்லோ தன்பாட்டுக்கு டி-யை வாசித்துக்கொண்டிருக்கும்போதே குறுக்கே விழுந்து பேச்சை நறுக்கிவிடும். அந்த நான்கு நிமிடத்தைத் தாண்டிக் குதித்து நேராக இங்கே வந்தால் இது வெறும் சத்தம். முழுசாகக் கேட்டுவிட்டு வந்தால் கோபம் வரும். எனக்கு இப்போதும் வருகிறது. அந்த அலுப்பான சுரத்தோடு நமக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது என்பதே அந்த நிமிடத்தில்தான் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் சொல்கிறேன், ஓட்டிவிட்டுக் கேட்காதே.

அதற்குப் பிறகு எபிசோடுகள் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் செல்லோ யாரையாவது பேச்சுக்கு இழுக்கும், சில கருவிகள் பதில் சொல்லும், பேச்சு களைகட்டும், உடனே டிரம்பெட் மாதிரியான பித்தளைக் கருவிகள் புகுந்து கலைத்துவிடும். இங்கே ஒன்றைக் கவனி. கூட்டமாக வாசிக்கும் சில இடங்களில் எல்லோருக்கும் பொதுவான தாளம் இல்லை. ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துபவர் கைகாட்டித் தொடங்கி வைப்பார், அப்புறம் அவரவர் தங்கள் பகுதியைத் தங்கள் வேகத்தில் வாசிப்பார்கள். சுரங்களை எழுதியது லுட்டோஸ்லாவ்ஸ்கிதான், அவை ஒன்றோடொன்று எந்த நொடியில் உரசும் என்பதை மட்டும் திறந்துவிட்டிருக்கிறார். அதனால் இரண்டு கச்சேரிகளில் அந்த இடங்கள் அச்சாக ஒன்றுபோல அமையாது. தாளத்தைத் தேடித் தலையாட்டப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். யாராவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போ. ஒருநாள் கிளாரினெட், இன்னொருநாள் டபுள் பேஸ்.

அப்புறம் கான்டிலேனா வரும். இதற்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நீண்ட ஒரு பாட்டு. தந்திக் கருவிகள் எல்லாம் கடைசியில் செல்லோவோடு ஒரே குரலாகச் சேர்ந்துகொள்ளும் இடத்தை மட்டும் தவறவிடாதே. இந்தக் கான்செர்ட்டோவில் செல்லோவுக்கு அப்படியொரு துணை வேறெங்கும் வாய்ப்பதில்லை. அதையும் பித்தளை உடைத்துவிடும்.

இதைப் பற்றித் தேடினால் ஒரு கதை கண்ணில் படும். அதை நானே சொல்லிவிடுகிறேன். முதலில் வாசித்தவர் ரஷ்யச் செல்லோ கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச், லண்டனில், 1970 அக்டோபர் 14 அன்று. அதே மாத இறுதியில் அவர் எழுத்தாளர் சோல்ஜெனித்சினுக்கு ஆதரவாகப் பகிரங்கக் கடிதம் எழுதி சோவியத் அரசின் கோபத்துக்கு ஆளானார். 1974-ல் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. அந்த டிரம்பெட்டுகளை அவர் அதிகாரத்தின் குரலாகவே கேட்டார். லுட்டோஸ்லாவ்ஸ்கியின் அப்பாவை 1918-ல் மாஸ்கோவில் போல்ஷெவிக்குகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அண்ணன் ஒருவர் சோவியத் முகாமில் இறந்தார். அப்படி இருந்தும் இது அரசியல் கதை என்பதை லுட்டோஸ்லாவ்ஸ்கி ஏற்கவில்லை.

நான் லுட்டோஸ்லாவ்ஸ்கி பக்கம். டிரம்பெட்டுக்கு வில்லன் என்று பெயர் சூட்டிவிட்டால் அது என்ன வாசிக்கிறது என்று காது கேட்பதை நிறுத்திவிடும். அவற்றின் குறுக்கீடுகள் ஒவ்வொன்றும் வேறு வேறு. சிலவற்றில் நக்கல் இருக்கிறது, சிலவற்றில் வெறும் முரட்டுத்தனம். முதலில் ஒலியைக் கேள், கதை எங்கேயும் ஓடிவிடாது.

இறுதிப் பகுதியில் செல்லோவை மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து நெருக்கும். பிரம்மாண்டமான ஓர் அடிக்குப் பிறகு செல்லோ முனகுவது கேட்கும். அங்கே முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதே. அது மறுபடி கிளம்பி மேலே மேலே ஏறி, உச்சத்தில் ஏ சுரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசித்து முடிக்கும். தொடக்கத்தில் அலட்சியமாக வந்ததும் ஒரே சுரம்தான், இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு வருவதும் ஒரே சுரம்தான். இதை வெற்றி என்று பலர் சொல்கிறார்கள். என் காதுக்கு அப்படிப் படவில்லை, விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிற பிடிவாதமாகத்தான் கேட்கிறது.

ஒரே மூச்சில் கேட்கவேண்டும் என்று கட்டாயமில்லை பாப்பா. முதல் நாள் டிரம்பெட் வரும்வரை மட்டும் போதும். மறுநாள் மறுபடி தொடக்கத்திலிருந்து இரண்டாவது எபிசோடு வரை. முழுசாகக் கேட்டபிறகு அந்த ஏ உனக்கு எப்படிப் படுகிறது என்று எழுது. அம்மாவுக்கு அது வெற்றிதான், அதில் எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
அப்பா