டாட்ஜர்ஸ் அரங்கம் நிற்கும் நிலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியேறியோரைக் குறிவைத்து 2025 ஜூன் மாதம் அமெரிக்க மத்திய அரசு நடத்திய தேடுதல் வேட்டையால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 10 லட்சம் டாலர் வழங்க லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணி முன்வந்ததைப் பாராட்டித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். சிறுபான்மை மக்களை ஒரு விளையாட்டு அணி எவ்வாறு அரவணைக்க வேண்டும் என்பதற்கு அதனை முன்மாதிரியாகக் கட்டுரையாளர் காட்டியிருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் வசித்து, அந்த அணியின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவருபவன் என்ற முறையில் அந்தப் பாராட்டு எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும், அணிக்கும் இங்குள்ள மெக்சிகோ வம்சாவளி மக்களுக்கும் இடையே எழுபது ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தொகை வெறும் தருமமாகத் தோன்றிவிடும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நகரின் மையப் பகுதிக்கு வடக்கே, இன்று அரங்கம் நிற்கும் மேட்டுநிலத்துக்கு சாவேஸ் ரவீன் என்று பெயர். அங்கே பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. நகரின் பல பகுதிகளில் வீடு வாங்க விடாமல் தடுக்கப்பட்ட மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அந்த மேட்டில் வீடு கட்டி, ஆடு கோழி வளர்த்து, தங்களுக்கென்று தேவாலயமும் பள்ளியும் கொண்டு வாழ்ந்தன. அரசு அங்கே மலிவு வாடகைக் குடியிருப்புகளைக் கட்டப் போவதாகவும், அவை கட்டி முடிந்ததும் அவர்களுக்கே முன்னுரிமை தரப்படும் என்றும் 1950 ஜூலையில் கடிதம் வந்தது. அதை நம்பிப் பெரும்பாலோர் கிடைத்த விலைக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். பொதுக் குடியிருப்புத் திட்டத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த நோரிஸ் போல்சன் 1953இல் மேயரானதும் திட்டம் கைவிடப்பட்டது. மக்கள் போனது போனதுதான். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து டாட்ஜர்ஸ் அணி இடம்பெயர்ந்து வந்தபோது அந்த நிலம் அரங்கம் கட்டுவதற்காக அணிக்கு மாற்றித் தரப்பட்டது. 1958 ஜூனில் நடந்த வாக்கெடுப்பில் குறைந்த வாக்கு வித்தியாசத்தில்தான் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. எஞ்சியிருந்த அரேச்சிகா குடும்பத்தினரை 1959 மே மாதம் காவலர்கள் வீட்டுக்குள் புகுந்து வெளியேற்றினார்கள். கையையும் காலையும் பிடித்து ஒரு பெண்ணைப் படிகளில் தூக்கிவரும் புகைப்படத்தை இன்றும் பார்க்க மனம் பதறுகிறது. பாலோ வெர்தே பள்ளிக்கூடத்தின் கூரையைக் கழற்றிவிட்டு, சுவர்களுக்குள் மண்ணைக் கொட்டி அப்படியே புதைத்துவிட்டார்கள். 1962 ஏப்ரல் 10 அன்று அரங்கத்தில் முதல் ஆட்டம் நடந்தது.

மக்களை வெளியேற்றியது நகர நிர்வாகம்தான். பெரும்பாலோர் வெளியேறியபோது டாட்ஜர்ஸ் அணி புரூக்ளினில்தான் இருந்தது. இந்த வேறுபாட்டை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆனால் வீட்டைப் பறிகொடுத்தவர்களின் குடும்பங்களில் இந்த விளக்கம் எடுபடுவதில்லை. எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவர், எண்பது வயதைக் கடந்தவர், லா லோமாவில் பிறந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருடன் ஓர் ஆட்டத்துக்குச் சென்றிருந்தேன். காரை நிறுத்தியதும் அவர் நுழைவாயிலை நோக்கி நடக்கவில்லை. வரிசை வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவில் நின்று, மேட்டின் சரிவைப் பார்த்துக் கையை நீட்டி, அங்கேதான் தம் பாட்டி வீட்டு அத்திமரம் இருந்தது என்றார். பிறகு தார்த்தரையைக் காலால் இரண்டு முறை தட்டினார். அவருடைய தகப்பனார் சாகும்வரை அந்த அரங்கத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லையாம். அவரே முதன்முதலாக உள்ளே சென்றது 1981இல்தான்.

இப்படி விலகி நின்ற மக்களை அணி எதைக் கொண்டு நெருங்கியது என்பதே தங்கள் கட்டுரை கேட்டிருக்க வேண்டிய கேள்வி. என் கருத்தில் அதற்கு முதல் விடை வானொலி. இந்நகருக்கு வந்த 1958ஆம் ஆண்டிலேயே டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டங்கள் ஸ்பானிய மொழியில் நேர்முக வர்ணனையுடன் ஒலிபரப்பாகத் தொடங்கின. அடுத்த ஆண்டு அந்தக் குழுவில் சேர்ந்த ஹைமே ஹரின், ஈக்வடாரிலிருந்து வந்தபோது பேஸ்பால் ஆட்டத்தையே பார்த்திராதவர். தொடக்க ஆண்டுகளில் வெளியூர் ஆட்டங்களுக்குச் செல்ல அவர்களுக்கு வாய்ப்பில்லை. ஒலிபரப்பு நிலையத்தில் அமர்ந்து, ஆங்கில வர்ணனையைக் காதில் வாங்கிக்கொண்டே, நேரில் பார்ப்பதுபோல ஸ்பானிய மொழியில் சொன்னார்கள். ஹரின் 2022இல் ஓய்வு பெறும்வரை 64 ஆட்டப் பருவங்கள் அந்தப் பணியைச் செய்தார். உணவகச் சமையலறையிலும் தையல்கூடத்திலும் வேலை செய்துகொண்டிருந்தவர்களின் காதுக்கு, அவர்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே ஒவ்வோர் இரவும் ஆட்டம் வந்து சேர்ந்தது. அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக் கிரிக்கெட்டைத் தெரிந்துகொண்ட நம் தலைமுறைக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. அரங்கத்துக்குப் போக மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்த அந்தத் தகப்பனாரும் இரவில் சமையலறை ஜன்னலோரம் இருந்த வானொலியை அணைக்கச் சொன்னதில்லை என்று பெரியவர் கூறினார்.

இரண்டாவது விடை ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் எச்சோவாகிலா என்ற சிற்றூரில், பன்னிரண்டு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த இடதுகைப் பந்து வீச்சாளர் அவர். 1981 பருவத்தில், இருபது வயதில், தொடக்கப் பந்து வீச்சாளராகக் களமிறங்கிய முதல் எட்டு ஆட்டங்களிலும் வென்றார். அவற்றுள் ஐந்தில் எதிரணிக்கு ஓர் ஓட்டத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சிறந்த அறிமுக வீரர் விருதையும் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருதையும் ஒரே ஆண்டில் வென்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. ஆங்கிலம் அறியாத அவருக்குச் செய்தியாளர் சந்திப்புகளில் மொழிபெயர்த்தவர் அதே ஹரின். வானொலி 23 ஆண்டுகளாக வேலிக்கு வெளியே கூட்டிவைத்திருந்த மக்கள், அந்த ஆண்டில்தான் குடும்பம் குடும்பமாக வாயிலைக் கடந்து உள்ளே வந்தார்கள். 2024 அக்டோபர் 22 அன்று வாலென்சுவேலா மறைந்த மறுநாள் மாலை நான் அரங்கத்தின் பெயர்ப்பலகை அருகே சென்றேன். மெழுகுவர்த்திகளுக்கும் மஞ்சள் செவ்வந்திகளுக்கும் நடுவே, தையல் பிரிந்த பழைய பந்து ஒன்றில் ஸ்பானிய மொழியில் நன்றி என்று எழுதி வைத்திருந்தார்கள். எந்த விளம்பரத் துறையாலும் அப்படி ஒன்றைச் செய்துவைக்க முடியாது.

லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பண்பாட்டு இரவுகள், ‘லோஸ் டாட்ஜர்ஸ்’ என்று எழுதிய சீருடைகள் ஆகியவற்றைத் தங்கள் கட்டுரை விரிவாகப் பேசியது. அவை பார்க்க அழகானவை. ஆனால் அதிகம் விற்பதும் அவையே என்பதை மறக்கக் கூடாது. கறுப்பின மக்களைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் கடுமையானது. 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரைக் களமிறக்கி, முதல்நிலைப் போட்டிகளில் இருந்த நிறத்தடையை உடைத்த அணி இது. நகர்ப்புற ஏழைச் சிறுவர்களுக்கான பேஸ்பால் திட்டம் 1989இல் இதே நகரின் தென்பகுதியில் உருவாகி நாடெங்கும் பரவியது. இவ்வளவுக்கும் பிறகு, 1991இல் முதல்நிலைப் போட்டி ஆட்டக்காரர்களில் 18 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர், 2024 பருவத் தொடக்கத்தில் 6 சதவீதமாகச் சுருங்கிவிட்டார்கள். திடலைச் செப்பனிட்டுக் கொடுத்தால் சிறுவன் ஆட வருவான். ஆனால் அதற்குமேல் முன்னேறத் தேவைப்படும் தனியார் பயிற்சிக்கும் ஊர் ஊராகச் சென்று ஆடும் போட்டிகளுக்கும் ஆகும் செலவை அவனுடைய பெற்றோரால் தாங்க முடிவதில்லை. அந்தச் செலவை ஏற்காத எந்த நலத்திட்டமும் பாதி வழியில் நின்றுவிடும்.

இனி 2025க்கு வருகிறேன். ஜூன் மாதத் தொடக்கத்தில் தேடுதல் வேட்டை தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ இரண்டு வாரம் அணி நிர்வாகம் வாய் திறக்கவில்லை. ஆட்டக்காரர்களில் கீகே எர்னாண்டஸ் தம் வேதனையை வெளிப்படையாக எழுதினார். ஜூன் 19 அன்று அரங்கத்தின் வாயிலுக்கு வந்த மத்திய அரசு அதிகாரிகளை உள்ளே விடவில்லை என்று அணி அறிவித்தது. மறுநாள் 10 லட்சம் டாலர் பற்றிய அறிவிப்பு வந்தது. அந்த இரண்டு வார மௌனம் இந்த மக்களை எவ்வளவு வருத்தியது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தேன். பணம் வந்தபோது அவர்கள் அதை மறுக்கவில்லை; தாமதமாக வந்ததையும் மறக்கவில்லை.

இன்னும் தீராத கோரிக்கை ஒன்று உண்டு. சாவேஸ் ரவீன் மக்களுக்கு நினைவுச்சின்னமும், இழப்பீட்டை ஆராயக் குழுவும் வேண்டும் என்ற மசோதாவை 2024இல் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றியது. அதை உள்ளூர் அளவில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று கூறி ஆளுநர் கேவின் நியூசம் ஒப்புதல் தர மறுத்துவிட்டார். இழப்பீடு நகர நிர்வாகத்தின் பொறுப்பாக இருக்கலாம். ஆனால் பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்னும் மூன்று பெயர்களை வாயிலில் பொறிப்பதற்கும், பருவத்தின் முதல் ஆட்டத்தன்று அந்தக் குடும்பங்களின் மூத்தவர்களை அழைத்து மரியாதை செய்வதற்கும் அணிக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. அங்கே பிறந்தவர்களில் பெரும்பாலோர் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள் என்பதால் இதை ஒத்திப்போடக் கூடாது.

தங்கள் கட்டுரையாளர் இந்தப் பின்னணியையும் சேர்த்து இன்னொரு கட்டுரை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்று ஊர்களின் பழைய புகைப்படங்கள் பல கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றையேனும் கட்டுரையுடன் வெளியிட்டால் நலம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
லாஸ் ஏஞ்சலஸ்