சான்றிதழைப் புதுப்பித்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுச் சேவை இணையதளம் ஒன்றில் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்ற எச்சரிக்கை தோன்றினால், தளத்தை யாரோ ஹேக் செய்துவிட்டதாக ஒருபுறம் வதந்தி கிளம்புகிறது. மறுபுறம், உதவி எண்ணை அழைப்பவர்களிடம் "அதைக் கண்டுகொள்ளாமல் உள்ளே போங்கள்" என்று சொல்லப்படுகிறது. சர்வர் பராமரிப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இவ்விரண்டையும் குறித்துச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்கு உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழுக்கு (எஸ்எஸ்எல் சான்றிதழ்) காலாவதித் தேதி உண்டு; அது கடந்துவிட்டாலும் இந்த எச்சரிக்கை தோன்றும். இத்தகைய எச்சரிக்கைகளில் பல, புதிய சான்றிதழ் வாங்கி வைக்கப்பட்ட பிறகும் வருபவை. இணையதளத்தை இயக்கும் என்ஜின்எக்ஸ், அப்பாச்சி போன்ற சர்வர் மென்பொருள்கள் பொதுவாகத் தொடங்கும்போதே சான்றிதழ்க் கோப்பைப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன; கோப்பை மாற்றினாலும், ரீலோடு செய்யும்வரை, அதாவது கோப்புகளை மீண்டும் படிக்கச் செய்யும்வரை, பழைய சான்றிதழையே வருபவர்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கும். நிர்வாகியோ கோப்பைத் திறந்து, புதிய தேதியைப் பார்த்துவிட்டு, 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்பார். அவர் பார்க்க வேண்டியது கோப்பை அல்ல. பாதுகாப்பான இணைப்புக்கான 443ஆம் போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) வெளியிலிருந்து இணைந்தால் சர்வர் எதை நீட்டுகிறது என்பதை.

இதைவிடச் சிக்கலானது, புதிய சான்றிதழுக்குப் பழைய பிரைவேட் கீயை (சான்றிதழுக்கு இணையாகச் சர்வரில் மட்டும் இருக்க வேண்டிய ரகசியச் சாவியை) கொடுத்துவிடுவது. இரண்டும் பொருந்தாத நிலையில் ரீலோடு செய்தால் என்ஜின்எக்ஸ் பழைய அமைப்பிலேயே (கான்ஃபிகரேஷனிலேயே) ஓடிக்கொண்டிருக்கும். 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்' என்ற பிழை சர்வரின் லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்) பதிவாகுமே தவிர, தளம் நிற்காது. சில வாரங்கள் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக ஒருவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் தளம் எழாமல் போகும். பழியும் அன்றைக்குப் பணியில் இருந்தவர் மேல் விழும். ரீலோடுக்கு முன்பு அமைப்பைச் சோதிக்கும் கட்டளையை ஒருமுறை இயக்கியிருந்தால் சில நொடிகளில் தெரிந்திருக்கும். (கீ கோப்பைப் படிக்க முடியவில்லை என்ற பிழை வந்தால், அதை எல்லோரும் படிக்கும்படி அனுமதியைத் திறந்துவிடும் 'தீர்வு' ஒன்றும் புழக்கத்தில் உள்ளது, பிழையே தேவலை.)

தளத்தின் சான்றிதழை, பிரவுசர் நம்பும் மூலச் சான்றிதழோடு தொடர்புபடுத்தும் இடைநிலைச் சான்றிதழை இணைக்க மறப்பது இன்னொரு வகை. விடுபட்டதைக் குரோம் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் பெரும்பாலும் தன் கையிருப்பிலிருந்து நிரப்பிக்கொள்ளும். கைபேசிச் செயலிகள் பலவற்றுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அலுவலகக் கணினியில் திறக்கும் தளம் செயலியில் திறக்காது. பயனரின் கைபேசிதான் பழசு என்று புகார் முடித்துவைக்கப்படும்.

இனி இவை அடிக்கடி நிகழக்கூடும். சான்றிதழ் வழங்குநர்களும் பிரவுசர் நிறுவனங்களும் இடம்பெற்ற சிஏ பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 398 நாள்களாக இருந்த அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள்களாகவும், 2027 மார்ச் 15 முதல் 100 நாள்களாகவும், 2029 மார்ச் 15 முதல் 47 நாள்களாகவும் குறைகிறது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட், காலாவதி நினைவூட்டல் மின்னஞ்சல்களை 2025 ஜூனிலேயே நிறுத்திவிட்டது. 2018 டிசம்பரில் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான எரிக்சனின் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதால் பிரிட்டனில் ஓ2 மொபைல் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கில் மொபைல் இணையமின்றித் தவித்தார்கள் என்பதையும் பராமரிப்பு ஒப்பந்தம் போடுவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே, ஒப்பந்தப் புள்ளி ஆவணங்களில் 'எஸ்எஸ்எல் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும்' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், புதுப்பித்தல் தானாக நடந்து, அதைத் தொடர்ந்து சோதனையும் ரீலோடும் நடைபெற வேண்டும் என்றும், சர்வர் காட்டும் சான்றிதழை வெளியிலிருந்து நாள்தோறும் கண்காணிக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். தளம் சரியாகும்வரை கடவுச்சொல்லையோ பண விவரத்தையோ உள்ளிட வேண்டாம் என்றே உதவி மையங்கள் சொல்ல வேண்டும். ஏனெனில் காலாவதியான சான்றிதழுக்கும், இடையில் புகுந்து ஒட்டுக்கேட்பவர் நீட்டும் போலிச் சான்றிதழுக்கும் பிரவுசர் காட்டும் எச்சரிக்கைப் பக்கம் ஏறத்தாழ ஒன்றுதான்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்.